அகல டயரும் என் வலது கையும்

என் வலது கைக்கு ராசி இல்லை என்று எங்கள் வீட்டில் தீர்ப்பு சொல்லிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. சொன்னவர்களில் ஒருவர்கூட இன்றுவரை அதைத் திரும்பப் பெறவில்லை. இந்தக் கையால்தான் பரீட்சை எழுதி டிப்ளமோ வாங்கினேன். இந்தக் கையால்தான் ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் தினமும் கார்டைத் தேய்த்து உள்ளே போகிறேன். அந்தச் சம்பளத்தில் வாங்கிய மிக்ஸியில் அரைத்த சட்னி எல்லோருக்கும் ருசிக்கத்தான் செய்கிறது. ஆனால் வீட்டில் புதிதாக எதையாவது தொடங்க வேண்டுமென்றால் மட்டும் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். அதுவும் பாசமாகச் சொல்வார்கள், அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு லாரியின் முன் டயர்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். மண்ணூரில் எங்கள் வீடு. அப்பாவிடம் சொந்தமாக ஒரு டிப்பர் லாரி இருந்தது. சுற்றிலும் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கத்து நிலமெல்லாம் தாழ்வு, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். அதில் கட்டடம் எழுப்ப வேண்டுமானால் முதலில் லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்க வேண்டும். அந்த மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அப்பாவின் வேலை.

கொட்டிய மண் புது மண். ஒரு மழை பெய்தால் போதும், லோடோடு போகிற லாரியின் முன் சக்கரம் பொதுக்கென்று இறங்கிவிடும். பின்னால் ஜோடி ஜோடியாக டயர்கள் இருப்பதால் பாரம் பிரிந்துவிடும். முன்னால் பக்கத்துக்கு ஒன்றுதான். அது ஒல்லியாக இருந்தால் மண்ணை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். பிறகு ஜேசிபி வந்து இழுக்க வேண்டும். இழுத்து முடிக்கிற வரைக்கும் பின்னால் வரிசையில் நிற்கிற லாரிக்காரர்கள் அப்பாவின் பரம்பரையையே விசாரிப்பார்கள். அந்த வருஷம் ஒரகடத்தில் மண் அடித்துக்கொண்டிருந்த இடத்தின் சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். முன்னால் அகலமான டயர் போட்டுக்கொண்டு வந்தால் வரலாம், இல்லாவிட்டால் ஆயுத பூஜைக்கு அப்புறம் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அப்போது எங்களோடுதான் இருந்தார். டயர் கம்பெனி ஒன்றில் காண்டிராக்ட் ஆள். டயரைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அவர்தான் துறைமுகப் பக்கம் யாரையோ பிடித்து, கழித்துப் போட்ட வெளிநாட்டு வண்டியிலிருந்து இரண்டு பெரிய டயர்களை அவற்றுக்குரிய இரும்பு டிஸ்க்கோடு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றும் எங்கள் பழைய டயர் ஒன்றரை சேர்ந்த அகலம் இருந்தது. என் தம்பி அதற்குள் சுருண்டு படுத்துத் தூங்கியே போனான்.

பக்கத்துத் தெருவிலிருந்து அத்தை வந்து பார்த்தாள். அப்பாவின் அக்கா. மாமா எங்கள் வீட்டில் தங்கியிருப்பது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. டயரை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"தம்பி, நல்லா கேட்டுக்கோ. வந்து குந்திக்கினு துன்றவன் வாங்கியாந்த சாமான். ஏதனா ஆச்சுன்னா அப்பறம் நான் சொல்லலன்னு சொல்லாத" என்றாள் அப்பாவிடம்.

அம்மா உள்ளே பாத்திரத்தை ஓங்கி வைக்கிற சத்தம் கேட்டது. அம்மா அத்தைக்குப் பதில் சொல்வது எப்போதும் பாத்திரத்தின் மூலமாகத்தான்.

பூஜைக்கு முந்தின நாள் டயர் மாட்டினார்கள். எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் டயரின் அளவை மாற்றினால் டேப் வைத்து அளக்க மாட்டார்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகக் கடைசி வரைக்கும் ஒடித்து வைத்துவிட்டு, டயருக்கும் அதன் மேலே மட்கார்டைத் தாங்குகிற இரும்புப் பட்டைக்கும் நடுவே மூடிய கையை விட்டுப் பார்ப்பார்கள். லோடு ஏறினால் வண்டி கீழே படியும். அப்படிப் படியும்போது பட்டை டயரில் இடிக்காமல் இருக்க அவ்வளவு இடமாவது வேண்டும். கை தாராளமாகப் போய் வந்தால் வண்டி ரோட்டுக்குப் போகலாம். போகவில்லையென்றால் டயரைக் கழற்ற வேண்டியதுதான்.

நான் வண்டிக்குக் கட்ட வேண்டிய கலர்க் காகிதத் தோரணத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். மாமா டீ வாங்கப் போயிருந்தார். அப்பா மட்டும் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் வெகுநேரம் குந்தியிருந்தார். அப்புறம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க வா. கைய மூடிக்கினு இந்த சந்துல வுடு."

விட்டேன். உள்ளே போயிற்று.

"இப்பிடி அப்பிடி ஆட்டிப் பாரு. எங்கனா இடிக்குதா?"

"இல்லப்பா."

"நல்லா பாத்து சொல்லு."

நன்றாகவே ஆட்டிப் பார்த்தேன். எங்கேயும் இடிக்கவில்லை. அப்பா என் தலையைத் தட்டிக்கொடுத்தார். மாமா டீயோடு வந்ததும், "கை பூருது மச்சான்" என்றார்.

"நான் சொல்லல மாமா? டயரு விஷயத்துல நம்பளாண்ட தப்பு வராது" என்று மாமா ஒரு கையில் டீயோடு சக்கரத்தைக் காலால் தட்டினார்.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் தேங்காய் எண்ணெய் கேட்டு விரல் முட்டிகளில் தடவிக்கொண்டார். லாரி வைத்திருப்பவர் கையில் சிராய்ப்பு இல்லாத நாள் எது? யாரும் என்னவென்று கேட்கவில்லை.

ஆயுத பூஜையன்று வண்டிச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைக்கிற வேலை என்னுடையது. பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பிருந்தே நான்தான் வைப்பேன். முதல் தடவை நான் வைத்த வருஷம் வண்டிக்கு நல்ல ஓட்டமாம். "புள்ளைக்கு கைராசி கீதுடா" என்று பட்டம் கொடுத்ததே அத்தைதான். அதற்குப் பிறகு அவள் வீட்டில் ஆடு வாங்கினாலும் கயிற்றை முதலில் என் கையில்தான் கொடுப்பாள். எனக்கு அந்தக் கையின் மேல் ஏக கர்வம். வகுப்பில் யாருக்காவது பரீட்சை பயம் இருந்தால் அவர்கள் பேனாவைத் தொட்டுக் கொடுப்பேன், அதற்கு ஆளுக்கொரு நெல்லிக்காய் வாங்கிக்கொள்வேன்.

பூஜை வழக்கம்போல் நடந்தது. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பூசணிக்காயும் உடைத்தாயிற்று. நான் சக்கரங்களின் கீழே பழங்களை வைத்துவிட்டு விலகினேன். அப்பா வண்டியை மெதுவாக முன்னால் நகர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். அத்தை மட்டும் குனிந்து பார்த்தாள்.

இடது முன் சக்கரம் போன இடத்தில் பழம் நசுங்கவில்லை. வண்டியைக் கழுவிய தண்ணீரில் தரை சேறாக இருந்தது. புது டயரில் பள்ளம் வேறு ஆழம். நான் வைத்த பழம் ஒரு பள்ளத்துக்குள் போய், அப்படியே சேற்றில் அழுந்திவிட்டது. அத்தை அதை விரலால் தோண்டி எடுத்து, முந்தானையில் துடைத்து, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

"இன்னா இது, பழம் முழுசா கீது?"

"மண்ணு ஈரமா கீது அண்ணி, அழுந்திட்ச்சி" என்றாள் அம்மா.

"இன்னொரு தபா ஏத்திக்கலாம் வுடுக்கா" என்று அப்பா வண்டியைப் பின்னால் எடுத்தார். இரண்டாம் தடவை பழம் சட்டென்று நசுங்கியது. ஆனால் அத்தை தலையை ஆட்டிவிட்டாள். முதல் தடவைதான் கணக்காம். இப்படி ஒரு சட்டம் இருப்பது அன்றுதான் எங்களுக்கெல்லாம் தெரியும்.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு எடுக்கிற முதல் லோடுக்கு என்னைக் கேபினில் உட்காரவைத்துக் கூட்டிப்போவது வழக்கம். அப்பா ஓட்டினார், நான் நடுவில், மாமா அந்தப் பக்கம். மண் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நேர் ரோட்டில் வண்டி ராஜா மாதிரி போயிற்று. ஸ்டியரிங் கொஞ்சம் கனமாக இருப்பதாக அப்பா சொன்னார். ஓட ஓடப் பழகிவிடும் என்றார் மாமா.

ஒரகடம் சைட்டின் கேட், சர்வீஸ் ரோட்டிலிருந்து இடது பக்கம் செங்குத்தாகத் திரும்புகிற இடம். கம்பெனி பஸ்கள் ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக வருகிற நேரம் அது. அப்பா ஸ்டியரிங்கை ஒடித்தார். முதலில் ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. "இன்னா மாமா ஸ்மெல்லு?" என்று மாமா கேட்டு முடிப்பதற்குள் என் காலுக்கடியில் டமார் என்று ஒரு சத்தம். கேபின் இடது பக்கமாகச் சாய்ந்தது. லாரி கேட்டுக்கும் ரோட்டுக்கும் குறுக்கே நின்றுவிட்டது.

இறங்கிப் பார்த்தோம். மட்கார்டைத் தாங்குகிற இரும்புப் பட்டை டயரின் தோளில் வாய் வைத்துக் கிழித்திருந்தது. இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றுவிட்டன. ஹாரன் சத்தத்தில் எனக்கு அழுகை வந்தது. ஒரு பஸ்ஸின் ஜன்னலிலிருந்து நீலச் சட்டை போட்ட தெக்கத்திப் பெண் ஒருத்தி தலையை நீட்டிப் பார்த்தாள்.

"டயரு பெருசால்லா இருக்கு. பாரம் ஏறுனதும் மேல இடிச்சிருக்கு. மாட்டும்போது பாக்காண்டாமா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

பஸ்ஸில் போகிறவளுக்கு ஜன்னலிலிருந்தே தெரிந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூப்பர்வைசர் வந்தார். அகல டயர் கேட்டவரே அவர்தான். டயரைப் பார்க்கவில்லை, பஸ்களைத்தான் பார்த்தார்.

"கேட்ட மறிச்சிகினு நிக்கிற. மண்ண இங்கயே கொட்டிட்டு வண்டிய எட்த்துகினு போய்க்கினே இரு. நாளைலேர்ந்து வேற வண்டி வரும்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சூப்பர்வைசர் அதற்குள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். நான் பயந்துபோய் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊரில் கெட்ட சேதி லாரியைவிட வேகமாகப் போகும். அவள் மாமாவைத்தான் முதலில் பார்த்தாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றோடு தன் தம்பி இந்த வீட்டை விட்டுப் போகிறான் என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

மாமா தைரியமாகத்தான் பேசினார். "டயரு மேல ஒரு கொறையும் இல்ல மாமா. நல்ல டயரு. நீங்களே கை வுட்டுப் பாத்தீங்க இல்ல?"

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அப்புறம், "பாத்தேன். பூந்திச்சி" என்றார்.

அத்தை இதைக் கேட்டுக்கொண்டு, ஒரு வக்கீலைப்போல ஒவ்வொன்றாகத் தள்ளினாள். "சரி. டயரும் நல்ல டயரு. என் தம்பி அளவும் பாத்துகீறான். ஓட்டுனதும் அவன்தான், இத்தினி வருஷமா ஓட்றான். அப்ப வேற இன்னாதான் கொறை?" என்று நிறுத்தினாள். பதிலும் அவளே சொன்னாள். "பழம் நசுங்கல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ்ஸில் வந்த அக்கா சொன்னதைச் சொன்னேன். டயர் பெரிதாம், மேலே இடித்ததாம் என்றேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று அம்மாவே என்னை அதட்டினாள். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்பா சொன்னதை யாரும் சந்தேகப்படக் கூடாதே என்று, அவருக்குச் சாட்சி சொல்ல முன்னால் வந்தேன்.

"அப்பா சொன்னது நெஜம் அத்தே. கை பூந்திச்சி. என் கையதான் வுட்டு பாத்தோம்."

அத்தை மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி, அங்கயும் உன் கைதானா? பழத்த வெச்சதும் அந்தக் கை, சக்கரத்துல வுட்டதும் அந்தக் கை. அப்பறம் எப்பிடி வெளங்கும்?"

அவ்வளவுதான். என் சாட்சியே எனக்கு எதிராகப் போயிற்று. மாமா மட்டும் சட்டென்று நிமிர்ந்தார். முதலில் என் கையைப் பார்த்தார், பிறகு அப்பாவின் கையைப் பார்த்தார். ஏதோ பேசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு குடித்தார். கொஞ்ச நாளில் சுங்குவார்சத்திரத்தில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை, தானாகத்தான் போனார். போகும்போது எனக்குப் புது ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். எதற்கென்று கேட்டதற்கு, "வெச்சிக்கம்மா" என்றார்.

அடுத்த வருஷம் பழம் வைக்கிற வேலை தம்பிக்குப் போயிற்று. அவன் ஒரு பழத்தைச் சாக்கடையில் போட்டான், இன்னொன்றைக் கடித்துப் பார்த்து எச்சிலோடு வைத்தான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆண் பிள்ளை கடித்த பழத்துக்கும் ராசி உண்டுபோல. அத்தை மகன் தண்டலத்தில் செல்போன் கடை திறந்தபோது முதல் போணிக்கு வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிப்போனார்கள், என்னைப் பலகாரத் தட்டுக்குக் காவல் வைத்துவிட்டுப் போனார்கள். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு மஞ்சள் இடிக்க உலக்கையைப் பிடித்தேன். யாரோ அதை என் கையிலிருந்து நைசாக வாங்கிக்கொண்டார்கள். அத்தை மகனின் கடை இரண்டு வருஷத்தில் மூடிப்போனது. அதற்கு மட்டும் எவர் கையையும் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் நான் காத்துக்கொண்டே இருந்தேன். அப்பா ஒரு நாள் வாயைத் திறப்பார் என்று. "அது பழத்தால இல்ல, விடுங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும். வீட்டில் அவர் சொன்னால் அத்தைகூடத் தட்ட மாட்டாள். ராசிப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார், அல்லது மழை வருமா என்று வெளியே போய்ப் பார்ப்பார். ஆனால் எனக்கு மட்டும் எல்லாம் வாங்கித் தருவார். தம்பிக்கு ஒரு டிரஸ் என்றால் எனக்கு இரண்டு. என்னை டிப்ளமோ படிக்க வைக்கக் கூடாது என்று அத்தை குதித்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை எதிர்த்துச் சத்தம் போட்டார். எனக்கு அப்பா மேல் உயிர். அதனால்தான் அவர் மௌனத்தை மன்னிக்க முடியவில்லை.

கம்பெனியில் எனக்குக் குவாலிட்டியில் வேலை. லைனில் வருகிற உதிரிபாகத்தின் துளைக்குள் ஒரு எஃகு உருளையை விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு கேஜ் என்று பெயர். போனால் பாகம் சரி, போகாவிட்டால் கழிவு. பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுத்த அக்கா, தேனிப் பக்கத்துக்காரி, ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். "போகலைன்னா போகலைதான், தாயி. அதைத் தூக்கித் தள்ளி வச்சிரணும். போற மாதிரி வேற கேஜைத் தேடிக்கிட்டுத் திரியக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையில் இருந்த கேஜையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று வீட்டுக்குப் போய் அப்பா சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்தேன். லாரியை விற்றுவிட்டு இப்போது கம்பெனி ஆட்களை ஏற்றுகிற ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். வயசாகியும் கை மட்டும் இளைக்கவில்லை. ஒரு பிடியில் பாதிச் சோறு வருகிற கை. என் இரண்டு கையை மூடி ஒன்றாக வைத்தாலும் அந்த ஒரு கை ஆகாது.

"அந்த அகல டயரு மாட்டுனப்ப, மொதல்ல உங்க கைய வுட்டு பாத்தீங்களாப்பா?" என்று கேட்டேன்.

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "துன்ற நேரத்துல இன்னா பேச்சு பேசற" என்றார். அப்புறம் அப்பளத்தை நொறுக்கி என் தட்டில் பாதி வைத்தார். சூப்பர்வைசர் கொடுத்த கெடு, மறுநாள் பூஜை, அந்த டயரைக் கழற்றினால் வேலை போச்சு என்பதெல்லாம் இன்று எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன? அன்றைக்குக் கெட்டுப்போன பெயர் என் பெயர்தானே.

டயர் மாட்டிய அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா என்னைக் கூப்பிட்டார் என்பதுதான். தம்பி சும்மாதான் விளையாடிக்கொண்டிருந்தான், ஆனால் என்னைத்தான் கூப்பிட்டார். லாரி வேலைக்கு என் கை வேண்டியிருந்தது என்று அந்த நாள் முழுக்கத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவ்வளவு பெரிய கை பக்கத்திலேயே இருக்கும்போது என் கை எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் துணியில் துடைத்துக்கொண்டிருந்த விரல் முட்டிகள் ஏன் அப்படித் தோல் உரிந்திருந்தன என்றும் நான் கேட்கவில்லை.